நடவாத சண்டை

சென்ற ஞாயிறு மாலை பங்கு இல்லத்துத் திண்ணையில் நாம் சற்று இளைப்பாறிக் கொண்டிருந்தோம். இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் சிலர் முற்றத்தில் நின்று உரத்த குரலில் வாதாடிக் கொண்டிருந்தனர். ஏதேனும் சச்சரவோ என அஞ்சிச் செவிசாய்த்தோம். அவர்களுடைய வழக்கு இதுதான்: குத்துச்சண்டை வீரர்களான முகம்மது அலியும் மைக் டைசனும் தத்தம் முழு வலிமையோடு இருந்த பருவத்தில் மோதியிருந்தால், வென்றிருப்பவர் யார்?

ஒருவன் நம்மைக் கண்டு, "சாமி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்!" என்றான். நமக்குச் சிரிப்பு வந்தது. அத்தீர்ப்பைக் கூறும் தகுதி நமக்கில்லை என்பதை 1990ஆம் ஆண்டிலேயே கற்றுக்கொண்டிருந்தோம்.

அக்காலத்தில் நாம் குருமடத்தில் தத்துவம் பயின்று கொண்டிருந்தோம். நம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்தவர். குட்டையான, உரமேறிய உடல். கால்பந்து ஆடினால் நேரே பாய்ந்து பந்தைப் பறிப்பார். நாமோ மெலிந்து நெடிது வளர்ந்திருந்தோம். எவர் மீதும் மோதாமல் ஒதுங்கி ஓடுவதே நம் ஆட்டம். ஓய்வு நேரம் வந்துவிட்டால் அவர் டைசன் கட்சி. நாம் அலி கட்சி.

அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம். எட்ட நின்று, கால்களால் வட்டமிட்டு, நீண்ட இடக்கையால் எதிரியின் முகத்தைத் தொட்டுத் தொட்டு விலகுவது அவர் பாணி. டைசனோ 5 அடி 10 அங்குலம். கைகளைக் கன்னங்களோடு ஒட்டிவைத்து, தலையை இருபுறமும் அசைத்துக் குனிந்து உள்ளே நுழைந்து, விலாவிலும் தாடையிலும் இடிபோல் குத்துவார். 1986இல், 20ஆம் வயதிலேயே உலக வீரர் பட்டம் பெற்றவர். 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் வீழ்த்தியவர்.

"டைசனைப் போலவே குனிந்து நெருங்குபவர் ஜோ பிரேசியர். 1971இல் அலியை அவர் வென்றாரே! கடைசிச் சுற்றில் தரையிலும் வீழ்த்தினாரே!" என்பார் நண்பர். ஒருநாள் இவ்வாதத்திற்கு நமக்கு விடை தோன்றவில்லை. தோற்க மனமில்லாமல், "உணவறை மேல்தட்டிலுள்ள ஊறுகாய்ச் சாடியே உங்களுக்கு எட்டவில்லை, பிரதர், அலியின் முகம் எங்கே எட்டப் போகிறது?" என்றோம். எல்லாரும் கொல்லென்று சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. பின்னர்ப் பல வாரங்கள் அவர் நம்மோடு வாதாடவேயில்லை.

1990 பிப்ரவரி 11 அன்று, டோக்கியோ நகரில் டைசன் முதன்முறையாகத் தோற்றார். வென்றவர் ஜேம்ஸ் டக்ளஸ். அலியைப் போன்றே நெடியவர். அந்த நாளில்தான் நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசத்திலிருந்து விடுதலையானார். உலகமே அச்செய்தியில் மூழ்கியிருக்க, நாமோ விளையாட்டுப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு நண்பரிடம் ஓடினோம்.

அவர் அமைதியாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "டைசனை வென்றவர் டக்ளஸ், பிரதர், அலி அல்லர்."

அவர் சொன்னது எவ்வளவு உண்மை! பிரேசியர் அலியை வென்றார். 1973இல் ஜார்ஜ் போர்மன் அதே பிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் வீழ்த்தினார். குனிந்து நெருங்குபவருக்கு, கீழிருந்து மேலெழும் போர்மனின் குத்துகள் எமனாயின. அப்படியானால் போர்மன் அலியை நசுக்கிவிடுவார் என்றே பலரும் கணக்கிட்டனர். ஆனால் 1974இல் கின்ஷாசா நகரில், அலி கயிற்றில் சாய்ந்து கைகளால் தம்மை மூடிக்கொண்டார்; போர்மன் குத்திக் குத்திக் களைக்கும்வரை பொறுத்திருந்து, எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். மூவருள் ஒருவரை முதற்படியிலும் மற்றவரை அடுத்தடுத்த படிகளிலும் நிறுத்த முயன்றால், படிகள் வட்டமாகச் சுழல்கின்றன! ஒருவனது பலம் எதிரே நிற்பவனைப் பொறுத்து வளர்கிறது, தேய்கிறது.

இத்தகைய வழக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 49 போட்டிகளில் ஒன்றிலும் தோலாமல் ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவையும், போருக்குச் செல்ல மறுத்ததால் களத்தைவிட்டு விலக்கப்பட்டிருந்த அலியையும் 1969இல் மியாமியில் மோதுவதுபோல் நடிக்கவைத்து, பலவித முடிவுகளைப் படம்பிடித்தனர். மார்சியானோவுக்கு அப்போது 45 வயது. வழுக்கையை மறைக்கப் பொய்முடி அணிந்து நடித்தார். 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டப்பட்ட படத்தில், 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். அம்முடிவைக் காண அவர் உயிரோடில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் மாண்டிருந்தார்.

உயரத்தையும் எடையையும் கணிப்பொறிக்கு ஊட்டலாம். டோக்கியோவில் எட்டாம் சுற்றில் வீழ்ந்த டக்ளஸ், எழுந்து நின்று, பத்தாம் சுற்றில் டைசனை வீழ்த்தினார். சில வாரங்களுக்கு முன்புதான் அவர் தம் அன்னையை இழந்திருந்தார். அந்தத் துயரத்தை எந்த எண்ணால் ஊட்டுவது?

அன்றிரவு படுக்கையில் நமக்கு ஒன்று புலப்பட்டது. நாம் அலிக்காக வாதாடியதே இல்லை. ஒல்லியாய் வளர்ந்து, மோதலுக்கு அஞ்சிய நமக்காகவே வாதாடினோம். நண்பரும் ஊரிலும் பள்ளியிலும் தம் உயரத்தைக் குறித்துக் கேட்ட ஏளனங்களுக்கெல்லாம் டைசனின் கைகளால் விடையளித்திருக்க வேண்டும். அவ்விடத்தில்தான் நாம் குத்தினோம். மறுநாள் விடியற்காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி பிரதர், இனி நான் அலி கட்சி, நீங்கள் டைசன் கட்சி" என்றார்.

அந்த ஒப்பந்தம் இன்றும் நீடிக்கிறது. அவரும் வேறொரு பங்கில் குருவாக இருக்கிறார். ஆண்டுதோறும் தியானம் முடிந்து புறப்படும் நாளில், அவர் அலியின் கால்களைப் புகழ்வார்; நாம் டைசனின் தோள்களைப் புகழ்வோம். பிறனுடைய வீரனுக்காக வாதாட வேண்டுமாயின், முதலில் அவனை உற்று நோக்க வேண்டியிருக்கிறது.

முற்றத்துப் பிள்ளைகளுக்கும் இதையே விதித்தோம்: "கட்சி மாறிப் பேசுங்கள்!" முணுமுணுத்தார்கள். அலிக்காகத் தொண்டை கிழியக் கத்திய நெட்டைப் பையன் தலையைச் சொறிந்தபடி வெகுநேரம் நின்றான். பிறகு மெல்லத் தொடங்கினான்: "ஒருவேளை டைசன் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டால்..."