வீடு திரும்பும் வழி

புறப்படும்போது இருக்கும் கருத்து திரும்பும்போது மனிதனுக்கு இருப்பதில்லை. விடியற்காலையிற் சந்தைக்குப் புறப்படும் கமக்காரன் மூட்டைகளை எண்ணுகிறான். கட்டிய கயிற்றை இழுத்துப் பார்க்கிறான். வழியில் நின்று மறுபடியும் ஒருமுறை பார்க்கிறான். விற்று முடித்து, மடியிற் பணத்தோடு திரும்பும்போதோ, தெரிந்தவர் ஒருவரைக் கண்டதும் தேநீர்க் கடையில் அமர்ந்துவிடுகிறான். காலையில் அவனிடம் இருந்தது காய்கறி. மாலையில் இருப்பது பணம். காவல் கூடவேண்டிய நேரத்திலே அது குறைந்துவிடுகிறது. வந்த காரியம் முடிந்தது என்ற மனநிறைவே இதற்குக் காரணம்.

வள்ளுவர் இதனை நன்கு அறிந்திருந்தார். திருக்குறளில் 54ஆம் அதிகாரம் 'பொச்சாவாமை'. பொச்சாப்பு என்பது மறதி, சோர்வு என்று பொருள்படும். அளவு கடந்த கோபத்தினும் பார்க்க, மிகுந்த மகிழ்ச்சியினால் உண்டாகும் சோர்வு தீமையானது என்று அவ்வதிகாரத்தின் முதற் குறளே கூறுகின்றது. மாணவப் பருவத்தில் இக்குறளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கோபம் தீயது என்பது குழந்தைக்கும் தெரியும். மகிழ்ச்சியில் வரும் சோர்வு அதனிலும் தீயதாவது எங்ஙனம்? இதற்குத் தக்க விளக்கம், பல்லாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவிலே ஒரு கார்ப் பயணத்தின்போது எனக்குக் கிடைத்தது.

கலிபோர்னியா மாநிலத்திற் சான் ஹொசே நகருக்கு அண்மையில் வசிக்கும் என் தமக்கையின் மகனோடு சில வாரங்கள் தங்கியிருந்தேன். பொறியியலாளரான அவர், மாதம் ஒருமுறை சனிக்கிழமையில் நண்பர்களோடு சூட்டுப் பயிற்சிக் களத்துக்குச் செல்வது வழக்கம். "மாமா, நீங்களும் வந்து பாருங்கள்" என்று ஒருநாள் என்னையும் அழைத்துச் சென்றார். துவக்கு என்றால் வன்னியிற் பயிர்காவலுக்கு வைத்திருக்கும் வேட்டைத் துவக்கும், வீதிக் காவலரணில் நின்றவர் தோளில் தொங்கியதுமே என் நினைவுக்கு வருவன. அதனைப் பந்தாட்டம்போல ஒரு விளையாட்டாகக் கொள்வார் உளர் என்பதை மனம் எளிதில் ஏற்கவில்லை. ஆயினும் 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே குறிபார்த்துச் சுடுதல் ஒரு போட்டியாக இருந்தது என்பது வரலாறு.

களத்துக்குள் நுழைந்ததும் நான் கண்டது, கோயிற் பூசையிற்கூடக் காணாத ஓர் ஒழுங்கு. காதுகளுக்கு மூடி, கண்களுக்குக் கண்ணாடி. துப்பாக்கியின் வாய் எப்பொழுதும் குறிப்பலகையின் திசையை நோக்கியே இருத்தல் வேண்டும். சுடுவதற்கு ஆயத்தமாகும்வரை விசையில் விரல் படலாகாது. மேற்பார்வையாளர் "நிறுத்துங்கள்" என்று குரல் கொடுத்தால், அனைவரும் ரவைகளை அகற்றித் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் கோட்டுக்கு அப்பால் விலகி நிற்கிறார்கள். அதன் பின்னரே குறித்தாள்களைப் பார்க்க எவரும் முன்னே போகலாம். அத்தனை துப்பாக்கிகள் இருந்த அவ்விடத்தில் எனக்கு அச்சமே தோன்றவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பகலளவிற் பயிற்சி முடிந்தது. இரண்டு மணிநேரம் காதடைக்கும் ஓசையில் நின்று, கண்ணையும் கையையும் ஒருமுகப்படுத்தியவர்களுக்குக் களைப்பும் பசியும் மிகுவது இயல்பு. மருமகன் அன்று நன்றாகச் சுட்டிருந்தார். முகத்தில் அந்த மகிழ்ச்சி தெரிந்தது. நண்பர் ஒருவர், போகும் வழியில் ஓர் உணவகத்தில் இறங்கிச் சாப்பிடலாமே என்றார். மருமகன் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். "முதலில் வீடு, பிறகு சோறு" என்றார்.

காரில் ஏறியபின், "தம்பி, பசித்திருக்கிறவர்களை ஏன் இப்படி அலைக்கழிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"மாமா, உணவகத்தின் முன்னால் நிற்கும் காரை உடைப்பதற்கு அரை நிமிடம் போதும். கண்ணாடிக்கு ஒரு தட்டு. பையை எடுத்தால் ஓட்டம். இந்தப் பக்கத்தில் அது தினமும் நடப்பது. மடிக்கணினி போனால் வேறொன்று வாங்குவேன். இது போனால் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தோடு என்னால் சாப்பிட முடியாது" என்றார்.

அதன் பின்னரே அவர் செய்த சிறு சிறு காரியங்களின் கருத்து எனக்கு விளங்கிற்று. களத்தை விட்டு நீங்குமுன்னரே கைத்துப்பாக்கியில் ரவை எதுவும் இல்லையென்பதைக் கண்ணாற் பார்த்தும் விரலால் தடவியும் உறுதிசெய்துகொண்டார். அதனைத் திறப்புப் பூட்டுள்ள கடினமான பெட்டியில் வைத்து, அப்பெட்டியை டிக்கியில் வைத்தார். ரவைகளை வேறொரு பெட்டியில் வைத்தார். இவற்றையெல்லாம் களத்திலேயே முடித்துவிட்டார். வழியில் ஓரிடத்தில் நிறுத்தி டிக்கியைத் திறந்து பொருளை மாற்றினால், அதனை யாரேனும் தூரத்தில் நின்று பார்த்திருக்கக் கூடுமன்றோ? காரின் கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பனிகளின் படம் எதுவும் ஒட்டப்படவில்லை. அப்படி ஒட்டி வைப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று திருடனுக்குக் கடிதம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

பெருந்தெருவில் ஏறுமுன் அவர் பின்பார்வைக் கண்ணாடியை இருமுறை நோக்கினார். பயிற்சிக் களத்தின் தரிப்பிடத்தில் நிற்கும் கார்கள் என்ன சுமந்து வருகின்றன என்பது எவருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே பின்தொடர விரும்புபவன் அங்கிருந்தே தொடரலாம். ஒரே கார் மூன்று நான்கு திருப்பங்களிலும் பின்னால் வருமாயின், வீட்டுக்குப் போகாமல் நேரே பொலிஸ் நிலையத்துக்குச் செலுத்துவதென்று அவரும் மனைவியும் பேசி வைத்திருக்கிறார்கள். வீட்டை அடைந்ததும் முதலில் இறங்கியது அந்தப் பெட்டிதான். அது சுவரோடு பிணைத்த இரும்பு அலுமாரிக்குட் சென்று பூட்டப்பட்ட பின்பே, நாங்கள் காலணிகளைக் கழற்றினோம்.

இவ்வளவும் ஒருவருடைய அளவு கடந்த அச்சம் என்று எண்ணுதல் தவறு. அந்த மாநிலத்தின் சட்டமே இவற்றிற் பலவற்றைக் கட்டாயமாக்கியுள்ளது. கலிபோர்னியாவிற் கைத்துப்பாக்கியைக் காரிற் கொண்டுசெல்பவர், ரவையில்லாத நிலையில், பூட்டிய பெட்டியிலோ டிக்கியிலோ வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு தட்டறையைப் பூட்டினால் மட்டும் போதாது. ஆளில்லாத காரில் அதனை விட்டுச் செல்ல நேருமாயின், டிக்கியிலோ, வெளியே தெரியாதபடி பூட்டிய பெட்டியிலோ வைக்கவேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரி 1ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ளது. பொதுமக்களுக்கு மாத்திரமன்றிப் பொலிசாருக்கும் அது பொருந்தும். துப்பாக்கி களவு போனதை அறிந்தவர் ஐந்து நாட்களுக்குள் பொலிசாருக்கு அறிவித்தலும் அங்கே கடமையாகும். கொலராடோ மாநிலமும் காரில் விடப்படும் கைத்துப்பாக்கிகளைப் பற்றி இத்தகையதொரு சட்டத்தை 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. வேறு பல மாநிலங்களில் இவ்வாறான கட்டாயம் இல்லை. அங்கே சொந்தக்காரரின் பொறுப்புணர்ச்சி ஒன்றே காவல்.

திருடன் துப்பாக்கியை ஏன் நாடுகிறான்? அதற்கும் ஒரு காரணம் உண்டு. உரிமம் பெற்ற கடையில் ஒருவர் துப்பாக்கி வாங்க வந்தால், அவர் பாரிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரா என்பது போன்ற விபரங்கள் பரிசீலிக்கப்படுகின்றன. கலிபோர்னியாவில் நற்சான்றுடையவரும் பணத்தைக் கட்டியபின் பத்து நாட்கள் காத்திருந்தே அதனைப் பெறமுடியும். உடைந்த கார்க் கண்ணாடியோ இந்தக் கதவுகள் அத்தனையையும் ஒரு நொடியில் திறந்துவிடுகிறது. கடையில் வாங்கமுடியாதவனுக்குக் களவு போன துப்பாக்கியே கைகொடுக்கிறது. சுடுகலன்களைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய பணியகம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017 முதல் 2021 வரையிலான ஐந்தாண்டுகளிற் பொதுமக்களிடமிருந்து களவு போனதாக அறிவிக்கப்பட்டவை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. 2022ஆம் ஆண்டிற் பல நகரங்களின் பொலிஸ் விபரங்களை ஆராய்ந்த எவ்ரிடவுன் என்னும் அமைப்பு, களவு போன துப்பாக்கிகளில் ஏறக்குறைய அரைவாசி வாகனங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டது.

எண்ணிக்கைகள் மனத்திற் பதிவதில்லை. அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோது, கடலுக்குள் நீண்டிருக்கும் 14ஆம் இலக்கத் துறைமேடையில் மருமகன் என்னை நிறுத்தினார். காற்று வாங்குவோரும், பாலத்தைப் படம் பிடிப்போரும், குழந்தைகளும் நிறைந்த இடம். 2015 ஜூலை 1ஆம் நாள் மாலையில் முப்பத்திரண்டு வயதுப் பெண்ணொருவர் தந்தையோடு இம்மேடையில் உலாவிக்கொண்டிருந்தார். தரையிற் பட்டுத் தெறித்த சன்னம் ஒன்று அவருடைய முதுகிற் பாய்ந்தது. தந்தையின் கண்ணெதிரே விழுந்த அவர், வைத்தியசாலையில் உயிர் நீத்தார்.

அந்தச் சன்னம் வந்த துப்பாக்கி, மத்திய அரசின் நிலப் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த காவலர் ஒருவருடையது. குடும்பத்தோடு பயணஞ் செய்துகொண்டிருந்த அவர், நகரிற் காரை நிறுத்திவிட்டுச் சென்றிருந்தபோது, காரின் கண்ணாடி உடைக்கப்பட்டுத் துப்பாக்கி இருந்த பை களவு போயிற்று. அது நடந்தது ஜூன் 27ஆம் நாள். துப்பாக்கியை வைத்திருந்தவர் அது தற்செயலாக வெடித்தது என்றார். 2017 நவம்பரில் ஜூரிமார் அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தனர். அவர் குடியுரிமை இல்லாதவர் என்பதனால், நாடெங்கும் குடிவரவு பற்றிய பெரிய வாக்குவாதம் மூண்டது. நான் அந்த மேடையில் நின்று எண்ணியது ஜூன் 27க்கும் ஜூலை 1க்கும் இடைப்பட்ட நான்கே நாட்களைப் பற்றி. ஓர் இருக்கையின் பின்னாற் கிடந்த பை, நான்கு நாட்களில் ஒரு தந்தையின் வாழ்வைக் குலைத்துவிட்டது. பையின் சொந்தக்காரரும் அவரும் ஒருவரையொருவர் கண்டவர்களும் அல்லர்.

களவுக்குக் கள்வன்தானே குற்றவாளி, பறிகொடுத்தவரை ஏன் குறை கூறவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நகையைப் பறிகொடுத்தவருக்கு அனுதாபம் கூறுவதே பண்பு. ஏனெனில் நட்டம் அவருடையது. துப்பாக்கியைப் பொறுத்தவரையில் சொந்தக்காரர் இழப்பது சில நூறு டொலர் மாத்திரமே. எஞ்சிய நட்டத்தை முன்பின் அறியாத ஒருவர் ஏற்கவேண்டியிருக்கிறது. கட்டில்லாத கிணற்றில் அயல்வீட்டுப் பிள்ளை விழுந்தால், கிணற்றுக்குரியவன் "நான் தள்ளவில்லை" என்று கூறிவிட்டு அமைதியாக உறங்க முடியுமா? மகிழ்ச்சியில் வரும் சோர்வு கோபத்தினும் தீயது என்றதன் கருத்து இங்கேதான் தெளிவாகிறது. கோபக்காரனைக் கண்டால் பிறர் விலகி நிற்பர். அவனும் ஒருவேளை தன்னை அடக்க முயல்வான். மகிழ்ச்சியிலே சோர்ந்திருப்பவனைக் கண்டு எச்சரிக்கையடைபவர் எவருமில்லை.

அமெரிக்காவில் நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று வாழ்கின்றனர். அவர்களுட் சிலர் இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்டிருக்கவும் கூடும். "சாப்பிட்டாயா? குளிராக இருக்கிறதா?" என்று தொலைபேசியிற் கேட்கும் பெற்றோர், "துவக்கை எங்கே வைத்திருக்கிறாய்? வழியில் எங்கும் விட்டுச் செல்வதில்லையே?" என்பதையும் கேட்கலாம். தொடரிலக்கத்தைத் தனியே எழுதி வைத்திருக்கும்படியும் சொல்லலாம். களவு போனதைப் பொலிசார் தேடுவதற்கு அந்த இலக்கமே துணை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றுப் பயிர்காவலுக்குத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரருக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

துவக்கையே கையாற் தொடாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பரீட்சை விடைத்தாள்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஆசிரியர், நோயாளர் மருந்துகளைப் பையிற் சுமந்து செல்லும் தாதி, பயிருக்குத் தெளித்த மருந்தின் எஞ்சிய போத்தலோடு திரும்பும் தொழிலாளி ஆகிய அனைவர் கையிலும், தொலைந்தாற் பிறரைத் தாக்கும் பொருளொன்று இருக்கிறது. அதனைச் சுமந்திருக்கும்வரை அவர்களுடைய வேலை முடிந்துவிடவில்லை. தேநீரும் உரையாடலும் சிறிது காத்திருக்கலாம். பொருளை உரிய இடத்திற் பூட்டிவைத்துத் திறப்பைக் கையில் எடுத்த பின்பு அருந்தும் தேநீருக்குச் சுவையும் கூடுதலாகவே இருக்கும்.