இரண்டாவது கசிவு

கிளிநொச்சியில், மாலை விளையாட்டின்போது என் மாணவனொருவனின் கண்ணைக் கிரிக்கெட் பந்து தாக்கியது. கருவிழியின் கீழ்ப்பகுதியிற் குருதி பிறைபோல் தேங்கியது. கண் வைத்தியர் ஓய்வு விதித்தார். மறுநாள் நோவு தணிந்ததும், "விளையாடப் போகட்டுமா, சேர்?" என்றான்.

ஆபத்து அங்கேதான் உளது! ஐந்து நாட்களுக்குள் மீண்டும் குருதி கசியுமாயின், அது முதலாவதினும் கொடியதாகலாம். கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பும் பழுதுறலாம். ஆதலால் கண்ணைக் கசக்கலாகாது. தலையை உயர்த்தியே உறங்கவேண்டும். வைத்தியரைக் கேளாது அஸ்பிரின் விழுங்கலாகாது.

1961இல் மோட்டார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்த பட்டோடி, மறு ஆண்டே இந்திய அணித் தலைவரானார் என்பது மெய்யே. அது அவரது மனவுறுதி; நம் அவசரத்தால் இழக்கும் கண்ணுக்கு அது சமாதானமாகாது.

"ஐந்து நாள் பொறு, தம்பி, ஆயுள் முழுதும் பார்க்கவேண்டிய கண்" என்றேன்.