கையெழுத்துப் போடமுன்

சத்தியக்கடதாசியை எழுதுவது சொலிசிட்டர்தான். ஆனால் சத்தியம் பண்ணுவது நாங்கள். தெரிந்தே பொய் சொன்னால், இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி 7 வருடம் வரை சிறை.

அண்மையில் லண்டனில் ஒரு மாமிக்கு அவவின் கடதாசியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "லோயர் எழுதினது பிழைக்காது மோனை" என்றா. அயலவர் சொல்லிக் கேள்விப்பட்ட விசயம் அதில் "நான் கண்டேன்" என்று கிடந்தது! திருத்தம் கேட்கவே அவவுக்குப் பயம். ஏன் பயப்பட வேணும்? முடிந்தவரை உங்கள் சொந்தச் சொற்களில் இருக்கவேணும், நேரே அறிந்தது எது, கேள்விப்பட்டது எது, யார் சொன்னது என்று காட்டவேணும் என்பது நீதிமன்ற விதி.

ஆங்கிலம் வசப்படாவிட்டால் தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்ப்பை இணைத்துக் கொடுப்பார்கள். கடவுள் பெயரால் சத்தியம் வேண்டாமென்றால் உறுதிமொழி போதும்.

உங்கள் வழக்கை நடத்துகிற சொலிசிட்டரே சத்தியம் வாங்க முடியாது, வேறொருவரிடம் போகவேணும். கட்டணம் 5 பவுண், ஒவ்வொரு இணைப்புக்கும் 2 பவுண். அங்கே வைத்துக் கையால் ஏதும் திருத்தினால், பக்கத்திலேயே நீங்களும் அவரும் சுருக்கொப்பம் வையுங்கள். துணைக்கு ஆள் வேணுமென்றால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், வருகிறேன்.