விற்ற பின்னும் தொடரும் அமானிதம்



ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைந்து இயங்கும் செருகுநிரல்களைத் தனியாளாக எழுதி விற்பது என் தொழில். அவற்றுள் ஒன்று, குரலில் மிகுந்து ஒலிக்கும் ‘ஸ்’ ஓசையைத் தணிப்பது. இசைப்பதிவில் வழங்கும் இவ்வகைக் கருவி, பயான், கிராஅத் பதிவுகளுக்கும் உதவுகிறது. ஆயினும் ஓதலில் அவ்வோசை குறையன்று. ஸாத், ஸீன், ஸாய் ஆகிய எழுத்துகளுக்குத் தஜ்வீத் கலை வகுத்துள்ள ‘ஸஃபீர்’ என்னும் பண்பு அது. அளவு மீறித் தணித்தால் எழுத்தின் ஹக்கு குன்றும். ஆகவே, ஓதலுக்கெனத் தனி அளவுகளை அமைத்துள்ளேன்.

நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வேகத்தில், 128 மாதிரிகளை 2.7 மில்லிநொடிக்குள் கணித்து முடித்தாக வேண்டும். அதனினும் கடினம் பராமரிப்பு. மேக் கணினிகளின் இயங்குதளம் 2019இல் 32 பிட் நிரல்களைக் கைவிட்டது. 2020 முதல் அவற்றின் செயலியே மாறத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் உழைப்பு; முன்பே பணம் செலுத்தியவரிடமிருந்து புதிய வருவாய் இல்லை. ‘பழையவர்களை விட்டுவிடு’ என்று நஃப்ஸ் தூண்டும்.

ஆனால், வாங்கியவர் பல ஆண்டுகளுக்குப் பின் தம் பதிவைத் திறந்தாலும் அன்று கேட்ட குரலே ஒலிக்க வேண்டும். அதனால் கணிப்பு முறையை மேம்படுத்தும்போது, பழைய முறையை நீக்காமல் புதியதை அதனருகே வைக்கிறேன். எத்தனை ஆண்டுகள் பராமரிப்பேன் என்பதையும் விற்கும்போதே எழுதித் தருகிறேன். காலவரையற்ற வாக்குறுதி அளித்தால் விற்பனை பெருகலாம். நிறைவேற்ற இயலாத வாக்கால் வரும் பொருளில் பரக்கத் ஏது? வாங்கியவர் என் நிரலின் உள்ளே பார்க்க இயலாது; அல்லாஹ் பார்க்கிறான்.