தலைக்காசு

பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில், முன்னர் எம்மிடம் கற்ற இளைஞன் ஒருவனைச் சென்ற மாதம் சந்தித்தோம். உயர்தரப் பரீட்சை எழுதியும் வேலை கிட்டாத தோட்டத்துப் பிள்ளை. இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டோம். கைத்தொலைபேசியை நீட்டினான். கிரிக்கெட் பந்தயத் தளம் ஒன்றின் தொடுப்பு. அதன் முடிவில் அவனுக்கென ஒரு குறியெண். அவ்வழியே நுழைவோர் யாவரும் அவன் கணக்கில் சேருவர். அவர்கள் தோற்கும் பணத்தில் ஒரு பங்கு அவனுக்கு.

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா எனக்கு ஒன்னும் கிடைக்காது, சேர்."

லயங்களின் பழஞ்சொல் ஒன்று எமக்கு நினைவு வந்தது: தலைக்காசு. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணிக்கு, அன்றன்று வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் துரை அளந்த காசு அது. தொழிலாளியின் கடனை எழுதி அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறையை 1921இல் சட்டம் தடுத்தது. கங்காணி வேற்றாளா? ஊரான், உறவினன். அந்த உறவைத்தான் துரை விலைக்கு வாங்கினார். இன்று அதே உறவைத் திரையில் வாங்குகிறார்கள்; வாங்குபவர் எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறார் என்பதும் இவனுக்குத் தெரியாது.

2025இல் நாடாளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. குதிரைப் பந்தயத்துக்கும் சூதுக்கும் கசினோவுக்கும் தனித்தனியே இருந்த பழைய சட்டங்களின் இடத்தில் ஓர் அதிகாரசபை. இணையச் சூதும் அதன் வரம்புக்குள். மொத்த வசூல் மீதான அறவீட்டை 15 விழுக்காட்டிலிருந்து 18 ஆக்கும் முடிவும் அவ்வாண்டே வந்தது. இவற்றை நாம் எதிர்க்கவில்லை. ஆயின், வரி கூடினால் கம்பனி முதலில் எங்கே கைவைக்கும்? தரகுப் பங்கில். பங்கு குறைந்த இளைஞன் அதே வரும்படிக்கு இன்னும் பல தலைகளைத் தேடுவான். அன்றேல், அனுமதியும் வரியும் இல்லாத அயல்நாட்டுத் தளம் கூடுதல் பங்கு காட்டி அவனை அழைக்கும். வரி கொடாதவனிடம் தரகுக்குப் பணம் மிஞ்சும் அன்றோ! தோற்றவனின் இழப்பில் தரகனுக்குப் பங்கு தரும் ஒப்பந்தத்தையே சட்டம் விலக்கவேண்டும் என்பது எமது கருத்து. அறவீட்டை எத்தனை விழுக்காடு உயர்த்தினாலும் அந்த ஒப்பந்தத்தை அது தொடாது.

அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபாவானபோது எத்தனை ஆண்டுப் போராட்டம் என்று மகிழ்ந்தோம். ஓர் ஓவர் முடிவதற்குள் அத்தொகையை ஒருவர் இழந்ததை அவன் திரையிலேயே கண்டோம்.

பதுளை பஸ் நிலையத்தில் இறங்குகையில் கேட்டான்:

"லைசென்ஸ் உள்ள கம்பனிக்குச் செஞ்சா பரவாயில்லையா, சேர்?"

பட்டியலின் தலைப்பில் நின்ற, ஆகக் கூடுதலாகத் தோற்ற அந்தக் கணக்கு யாருடையது என்று திருப்பிக் கேட்டோம்.

"எங்க மாமாவோடது" என்றான்.