கைக்கெட்டுகிற பை

ஊருக்குக் கிளம்புகிற வீட்டில் பெட்டி கட்டுவது எப்போதும் நம் தலையில்தான். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டதோடு ஆண்களின் வேலை முடிந்துவிடும். அப்புறம் வாசலில் நின்றுகொண்டு "எல்லாம் எடுத்தாச்சா?" என்று ஒரு கேள்வி. அந்த 'எல்லாம்' என்பதற்குள் பால் புட்டியிலிருந்து பாட்டியின் பிளட் பிரஷர் மாத்திரை வரை என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது நமக்குத்தானே தெரியும்!

என் கணவருக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். டில்லியில் குடித்தனம் இருந்த வருஷங்களில் மே மாதம் பிறந்தால் மதராஸுக்கு மூட்டை கட்டிவிடுவோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 2,200 கிலோமீட்டர். இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழுப் பகல். இரண்டு குழந்தைகள், ஒரு ஹோல்டால், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா. இவை தவிர ஒரு காக்கித் துணிப் பை. அந்தப் பையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெட்டியில் போகிற சாமான் வேறு, கையோடு இருக்க வேண்டிய சாமான் வேறு. புடவையும் சட்டையும் பெட்டியில் போகட்டும். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டினால் இறங்குகிற வரைக்கும் அதைத் திறக்கிற வேலையே இருக்கக்கூடாது. நடு ராத்திரி குழந்தைக்கு உடம்பு கொதிக்கும்போது, பத்துப் பேர் தூங்குகிற இடத்தில் குனிந்து டிரங்குப் பெட்டியை இழுக்க முடியுமா? அந்தச் சமயத்துக்கு வேண்டியதெல்லாம் தலைமாட்டில், இருட்டில் கைவிட்டாலும் அகப்படும்படி ஒரு பையில் இருக்க வேண்டும். என் மாமியார் இதைக் "கைக்கெட்டுகிற பை" என்பார். வீட்டில் இன்றைக்கும் அதற்கு அதுதான் பெயர்.

பையில் முதலில் போவது உப்பும் சர்க்கரையும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

என் மூத்த பெண்ணுக்கு ஒன்றரை வயதில் ஒரு கோடையில் வயிற்றுப்போக்கு வந்தபோது, பார்த்த குழந்தை டாக்டர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு என்று ஒரு அளவு சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து பிரயாணம் என்றால் அந்த அளவில் நாலு பொட்டலம் மடித்து, ஈரம் படாமல் ஒரு டப்பியில் போட்டுக்கொள்வேன். எவர்சில்வர் கூஜாவில் ஒரு லிட்டர் பிடிக்கிற இடத்தில் ஆணியால் ஒரு கோடும் கீறி வைத்திருந்தேன். அதைப் பார்த்து, "கல்யாணத்துக்கு வந்த சீர்க் கூஜாவை இப்படிக் கீறுவாளா ஒருத்தி!" என்று என் அம்மாவுக்கு வருத்தம்.

1984 மே மாதம். போபால் தாண்டி வெயில் ஏறிவிட்டது. அடுத்த தடுப்பில் விஜயவாடாவுக்குப் போகும் ஒரு தெலுங்குப் பெண், துணைக்கு வயதான மாமனார், மடியில் ஒரு வயது ஆண் குழந்தை. காலையிலிருந்தே குழந்தைக்குத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. நாக்பூர் வருவதற்குள் எட்டு தடவையோ ஒன்பது தடவையோ. துணி மாற்றி மாற்றி அந்தப் பெண்ணிடம் துணியே தீர்ந்துவிட்டது. ஒரு பழைய நூல் புடவைக் கிழிசல் கொடுக்கலாம் என்று போனேன். அப்போதுதான் குழந்தையைக் கிட்டத்தில் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. அழுகிறது, ஆனால் கண்ணில் சொட்டு நீர் இல்லை. வயிற்றுத் தோலை விரலால் மெல்லக் கிள்ளி விட்டால், கிள்ளின இடம் உடனே படியவில்லை.

"தண்ணி குடுத்தியாம்மா?" என்று கேட்டேன். தாய்ப்பாலைக்கூடக் காலையிலேயே நிறுத்திவிட்டாளாம். "குடிக்கக் குடிக்கத்தானே போகுது? வயிறு காயட்டும்" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அவர் பேரில் தப்பில்லை. அந்தக் காலத்தில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் சொல்லுவார்கள். இப்போதும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நாக்பூரை விட்டால் பல்லார்ஷாவுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடுகிறது. என் கணவர் பேன்ட்ரி காருக்கு ஓடி, டீக்குக் கொதிக்க வைத்திருந்த தண்ணீரைக் கூஜாவில் கோடு வரைக்கும் வாங்கி வந்தார். ஈரத் துண்டைச் சுற்றி ஆற வைத்து, ஒரு பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாலாடையில் எடுத்து, ஒரு நிமிஷத்துக்கு ஒரு வாய் கொடுத்தோம். முதல் தடவை எல்லாவற்றையும் கக்கிவிட்டது. பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பித்தேன். "பாலையும் குடு, நிறுத்தாதே" என்று அந்தப் பெண்ணிடம் பாதி தமிழும் பாதி ஜாடையுமாகச் சொன்னேன். அவளுக்குக் கை நடுங்கியது. "அக்கா, அக்கா" என்றாள். அக்காவுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வார்த்தை என்பது அன்றைக்கு எவ்வளவு உபகாரமாக இருந்தது!

டி.டி.ஆர். நல்ல மனிதர். பல்லார்ஷாவில் டாக்டர் வருவதற்கு ஏற்பாடு செய்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, பவுடர் பாக்கெட் இரண்டு கொடுத்து, "செய்வதையே செய்யுங்கள், விஜயவாடாவில் இறங்கினதும் நேரே ஆஸ்பத்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ரயில் கிளம்பிச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கும். குழந்தை என் மடியில் இருந்தது. புடவை நனைந்தது. பார்த்தால், வெறும் மூத்திரம்! காலையிலிருந்து அந்தக் குழந்தை மூத்திரமே போகவில்லை. ஒரு குழந்தை புடவையை நனைத்ததற்கு அத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தப் பெரியவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் கூஜாவை வாங்கிக்கொண்டு அடுத்த தண்ணீருக்கு பேன்ட்ரி காருக்குத் தானே போனார்.

உப்பும் சர்க்கரையும் அப்படி என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது வெறும் தண்ணீரைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. சர்க்கரையும் உப்பும் அளவோடு சேர்ந்து போனால், குடல் சுவர் அவை இரண்டையும் ஜோடியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1971-இல் வங்காள தேச யுத்தத்தின்போது, பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலைமையில், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலைத்தான் டிரம் டிரம்மாகக் கலக்கி, நோயாளியின் வீட்டுக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

இப்போது பொட்டலம் மடிக்கிற வேலை இல்லை. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பவுடர் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு. எதுவோ அந்த அளவு தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கொட்டிக் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்ணளவு வைத்தியம் கூடாது. கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். கலர் கலராக அட்டை டப்பாவில் பழ ருசியோடு வருகிறதே, அதுவும் ஓ.ஆர்.எஸ். என்று பல தாய்மார்கள் வாங்கிக் கொடுத்துவந்தார்கள். அதில் சர்க்கரை அதிகம். போக்கைக் கூட்டிவிடும். அந்த மாதிரி பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது.

பாக்கெட் கிடைக்காத இடத்தில், சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டின சின்ன ஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. அதற்குமேல் ஒரு சிட்டிகை உப்பும் வேண்டாம். இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனதும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். ஆறு மணி நேரம் மூத்திரம் போகவில்லை, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம், குடிக்கவே மாட்டேன் என்கிறது என்றால் அப்புறம் கைவைத்தியம் இல்லை, டாக்டர்தான். ரயிலில் என்றால் 139-க்குப் போன் செய்யுங்கள், அல்லது டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள். போக்குக்கு ஜிங்க் மருந்தும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். ஊருக்குப் போகுமுன் உங்கள் குழந்தை டாக்டரையே கேட்டு, அதையும் வாங்கிப் பையில் போட்டுவிடலாம்.

ஜுர மருந்தும் அப்படித்தான். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு, ஒரு பிளாஸ்திரித் துண்டில் எழுதிப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். போன வருஷம் எழுதின அளவு இந்த வருஷம் உதவாது. குழந்தை வளர்ந்திருக்கும். தெர்மாமீட்டர் ஒன்று. பெரியவர்களின் தினசரி மாத்திரை, போகிற நாளைவிட நாலு நாள் கூடுதலாக. அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பையில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மாமனாரின் சர்க்கரைக்கு மாத்திரை இருக்கும். சீட்டின் நகல் ஒன்றும் கூடவே. கடைக்காரர் மாத்திரையின் நிறத்தைக் கேட்டு மருந்து கொடுக்க மாட்டார்.

இன்னொன்று. நாள் கணக்குப் பார்த்து, "இன்னும் பத்து நாள் இருக்கே" என்று நாப்கினை எடுக்காமல் கிளம்பாதீர்கள். அலைச்சலில் தேதி முன்னே பின்னே ஆவது சகஜம். வயதுக்கு வருகிற பருவத்தில் பெண் இருந்தால் அவள் பையிலும் இரண்டு போட்டுவையுங்கள். ரயிலில் ஒரு தடவை, முகம் தெரியாத ஒரு காலேஜ் பெண் என் காதோடு காதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தேவை நின்ற பிறகும் பையில் ஒரு பாக்கெட் இருக்கிறது.

பழைய நூல் புடவை ஒன்றை நாலாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஏணைக்கு, விரிப்புக்கு, தோளில் போட்டுக்கொண்டு பால் கொடுக்க, வெயிலுக்கு ஜன்னலில் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். இத்தனை காசு கொடுத்து இப்போது வாங்குகிற எந்தச் சாமானும் அதற்கு ஈடில்லை என்பது என் கட்சி. கூட ஊக்கு நாலு, ஒரு முழக் கயிறு, சோப்பு, ஊசி நூல், டார்ச்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டப் போவதில்லை. தயிர்சாதமோ புளியோதரையோ, இட்லிக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவினதோ, கோடையில் முதல் வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று மறுநாளும் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. மறுநாளைக்குப் பொரி, வாழைப்பழம், உரித்துத் தின்கிற பழம். புட்டியைவிடக் கிண்ணமும் ஸ்பூனும் மேல், கழுவ சுலபம்.

என் சின்னப் பெண் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். "எல்லாம் போனில் இருக்கும்மா" என்பாள். போன் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறதா? அதனால் அவள் பையில் ஒரு காகிதத்தில் நாலு நம்பர் எழுதி நானே வைத்துவிட்டேன். பேரன் சட்டைப் பையிலும் அவன் பெயர் இல்லாமல், அம்மாவின் நம்பர் மட்டும் எழுதின ஒரு துண்டுக் காகிதம். பெயரை எழுதினால் எவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். கூட்டத்தில் கை நழுவினால் 1098, அல்லது 112. போன மாதம் அவள் விமானத்தில் கிளம்பும்போது சார்ஜ் ஏற்றுகிற பவர் பேங்கைப் பெட்டியில் போட்டிருந்தாள். அதைப் பெட்டியோடு அனுப்ப விடமாட்டார்கள், கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்று எடுத்துக் கைப்பையில் போட்டேன். கத்தரிக்கோல் அங்கிருந்து பெட்டிக்குப் போயிற்று.

ஊரிலிருந்து திரும்பின அன்றைக்கே, களைப்போடு களைப்பாக, பையைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவேன். ஈரத்துணி வெளியே, காலி பாட்டில் வெளியே, தேதி முடிந்த மருந்து குப்பைக்கு. எடுத்துச் செலவான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பதில் புதிதாக இரண்டு வாங்கிப் போட்டு, அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்துவிடுவேன். பேரன் அடிக்கடி அதிலிருந்து டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். அதற்கென்று வேறொரு டார்ச் வாங்கிக் கொடுத்தாயிற்று.