பங்கு

திருச்சியில் காலை ஐந்தரை மணிக்கு மொட்டையின் கார் வந்து நின்றபோது முன்சீட்டில் சேட்டு உட்கார்ந்திருந்தான். அவன் வருவான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் வருவேன் என்று அவனிடமும் சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "ஏறுடா, வெயில் வந்துரும்" என்றான் வாத்தி, பின்சீட்டிலிருந்து. ஏறினேன்.

எல்லாம் ஹாஸ்டல் பெயர்கள். மொட்டைக்கு இப்போது தலை நிறைய முடி. வாத்திக்கு வங்கியில் வேலை, ஆனால் கல்வெட்டுப் பைத்தியம். மாசக் கடைசியில் எங்கள் எல்லோருக்கும் கடன் கொடுத்தவன் சேட்டு.

நானும் சேட்டுவும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் போடவில்லை. 2018-இல் இருவரும் வேலையை விட்டுவிட்டுத் துணிக்கடைகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றைச் செய்து விற்க ஆரம்பித்தோம். ஆறு லட்சம் பர்சனல் லோன், அவன் பெயரில். ஆளுக்குப் பாதி என்பது வாய்ப்பேச்சு. 2020-இல் கடைகள் ஷட்டரை இறக்கியதும் நாங்களும் இறக்கினோம். எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. கொஞ்ச நாள் என் பங்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாணம், வீட்டு அட்வான்ஸ். ஒரு மாதம் அனுப்பவில்லை. அவன் கேட்கவில்லை. அடுத்த மாதம் அனுப்ப வெட்கமாக இருந்தது. அதற்கடுத்து அவன் போனை எடுக்கவே வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் கதை.

நார்த்தாமலையில் வெயில் ஏறுவதற்குள் விஜயாலய சோழீச்சரத்தைப் பார்த்துவிட்டோம். வழுக்குப் பாறையில் மூச்சு வாங்க ஏறினால், மேலே வட்ட வடிவக் கருவறையோடு சின்னதாக ஒரு கோயில். அங்கே நாலு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோவில் இரண்டு ஓரத்திலும் நாங்கள் இரண்டு பேர்.

அங்கிருந்து சித்தன்னவாசல். அறிவர் கோயிலின் கூரையில் ஒரு தாமரைக் குளம். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம் என்றான் வாத்தி. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற மனிதர்கள். பாதி அழிந்துவிட்டது. அழிந்த இடத்தில் மீன் இருந்ததா இலை இருந்ததா என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

உள்ளறைக்கு ஒரு விசேஷம் உண்டு. அங்கிருந்த காவலாளி, "பேசாம இருங்க தம்பி. ஒருத்தர் மட்டும் வாயை மூடிக்கிட்டு 'ம்'முனு இழுங்க" என்றார். சேட்டு இழுத்தான். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் சுருதி மாற்றினான். சட்டென்று அறை முழுக்கப் பிடித்துக்கொண்டது. சத்தம் அவனிடமிருந்து வருகிற மாதிரியே இல்லை. சுவரிலிருந்து, தரையிலிருந்து, என் நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து வந்தது. மூன்று வருடம் கழித்து அவன் குரலை நேரில் கேட்கிறேன், அதுவும் வார்த்தை இல்லாமல். வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம். செங்குத்தான பாறை விளிம்பை ஒட்டி நடந்து போனால் ஒரு குகைத்தளம். சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வழவழப்பாக இழைத்த பதினேழு கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணை மாதிரி ஒரு மேடு. இருப்பதிலேயே பழைய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து. கடைசியில் சோற்றையும் விட்டுவிட்டு, வடக்கிருந்து உயிர் விட்டவர்கள் உண்டு என்று வாத்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

"கொடுத்து வெச்சவனுங்க. இஎம்ஐயே கிடையாது" என்றான் மொட்டை.

யாரும் சிரிக்கவில்லை. மொட்டை நாக்கைக் கடித்துக்கொண்டான். சேட்டு கீழே தெரிந்த பொட்டல் வெளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மதியம் புதுக்கோட்டையில் பரோட்டாவும் முட்டை மாஸும். நான் முந்திக்கொண்டு பில்லைக் கொடுத்தேன். கொடுத்ததும் கூசியது. லட்சக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவன் பரோட்டாவுக்குப் பணம் கொடுக்கிறான்.

நடை திறக்கிற நேரத்துக்குத் திருமயம் போய்ச் சேர்ந்தோம். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை மேலே. அதே குன்றின் அடிவாரத்தில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை, பக்கத்துப் பக்கத்தில். பாறையிலேயே செதுக்கிய பெருமாள், அனந்தன் மேல் அவ்வளவு நீளமாகப் படுத்திருக்கிறார். வாத்தி எங்களை இழுத்து வந்ததே இதற்குத்தான். இந்த இரண்டு கோயில்காரர்களுக்கும் நடுவே நீண்ட நாள் தகராறு இருந்திருக்கிறது. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் கூடிப் பேசி, வருமானத்தை இன்ன விகிதம் என்று பிரித்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்துவிட்டார்கள்.

"சாமிக்கே பாகப்பிரிவினையாடா?" என்றான் மொட்டை.

"பிரிச்சதாலதான்டா ரெண்டும் இன்னும் இங்கயே இருக்கு" என்றான் வாத்தி. அவன் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னதே எங்களுக்காகத்தான் என்று தோன்றியது.

கோட்டை உச்சியில் ஒரு பழைய பீரங்கி. வாத்தியும் மொட்டையும் ஏதோ ஒரு சாக்கில் கீழே இறங்கிவிட்டார்கள். காற்று பலமாக வீசியது. பெங்களூரில் மூன்று வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை.

"லோன் இன்னும் எவ்ளோ இருக்குடா?"

"அது போன வருஷமே முடிஞ்சுது."

"எப்படி?"

"அம்மா சங்கிலியை வெச்சேன். இப்ப அதையும் மீட்டாச்சு." கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் பங்குல மிச்சம் ஒண்ணு எண்பது. கணக்கு ஞாபகம் இருக்குடா. மறக்கல."

"மறக்கலன்னு எனக்கும் தெரியும். அதான் கடுப்பு." பீரங்கியைத் தடவிக்கொண்டே சொன்னான். "பணம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சரிடான்னு விட்டிருப்பேன். நீ போனை எடுக்கல. எங்கம்மா உன்னை விசாரிக்கறப்பல்லாம் நல்லா இருக்கான்மான்னு நான் பொய் சொல்லிட்டிருந்தேன். நீ எப்படி இருக்கேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாசம் பதினஞ்சாயிரம் போடறேன். பன்னெண்டு மாசம்" என்றேன்.

"எழுதிக் குடு. இங்க கல்லு நிறைய கிடக்கு."

கிண்டல்தான். ஆனாலும் போனை எடுத்தேன். எங்கள் சாட்டில் கடைசியாக இருந்தது அவன் அனுப்பிய பொங்கல் வாழ்த்து, நான் பதில் போடாதது. அதன் கீழே தொகையையும் தேதியையும் தட்டி அனுப்பினேன். பக்கத்திலேயே அவன் போன் அடித்தது. எடுத்துப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் போட்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திரும்பி வரும்போதும் அவன் முன்சீட்டில்தான் உட்கார்ந்தான், அதிகம் பேசவில்லை. திருச்சியில் நான் இறங்கியபோது மட்டும் கண்ணாடியை இறக்கி, "அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு" என்றான்.

மறுநாள் காலையில் பண்ணினேன். அவர்கள் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்டியாப்பா?" என்றார்கள்.